தாயை அழிக்கவா?

ஜன்னல் உண்டாக்குவதும் அதை அழிப்பதும்தான் என் வேலை. ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டபோது, பெரிய இவனாட்டம் இப்படித்தான் பதில் சொன்னேன். அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "மர ஜன்னலா, அலுமினியமா மாப்ள? எங்க மாடி ரூமுக்கு ரெண்டு வேணும்" என்றார். பந்தியே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்காமல், "கம்ப்யூட்டர் வேலைன்னு நேரா சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். குறைந்துதான் போவேன் என்று நினைக்கிற ஆள் நான். அந்த நினைப்புக்கு என் அக்கா மகள் கல்யாணத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் எதையாவது அமுக்கினால் ஒரு பெட்டி திறக்கிறதே, அதைத்தான் நாங்கள் ஜன்னல் என்கிறோம். அது தானாக வராது. எவனாவது உட்கார்ந்து எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அதை அழிக்கவும் எழுத வேண்டும். சும்மா மறைத்து வைத்தால் போதாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பெரிய ஜன்னல் வேண்டும். மற்ற ஜன்னல்கள் அதற்குள்தான் வரும். ஆபீஸில் பெரியதைப் பேரண்ட் என்போம், உள்ளே இருப்பவற்றைச் சைல்டு என்போம். பெரியதை அழித்தால் உள்ளே இருப்பவையும் கூடவே போய்விடும். சொந்த வேலைக்கு எழுதும்போது நான் எல்லாவற்றுக்கும் தமிழில்தான் பெயர் வைப்பேன். பேரண்டுக்கு 'தாய்' என்று வைத்திருந்தேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

என் அக்கா வீடு மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் மகள் எட்டாவது படிக்கும்போது அக்கா வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் "எல்லாம் நான் பாத்துக்கிறேன்க்கா" என்பது என் வாடிக்கை. ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்ஷன், காலேஜ், எல்லாம் நான்தான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, யாரையும் கேட்காமலே முடிவு செய்கிற பழக்கமும் வந்துவிட்டது. மாப்பிள்ளை சிதம்பரத்துக்காரர். கல்யாணமும் அங்கேயே ஒரு மண்டபத்தில் என்று முடிவானது.

பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்று அக்கா மகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, எனக்கு நகை இல்லன்னாலும் பரவால்ல, புடவை இல்லன்னாலும் பரவால்ல. தாலி கட்டும்போது அம்மா எம்பக்கத்துல நிக்கணும்."

அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை இருந்தது. பார்க்காத மாதிரி நடித்தேன் என்று சொல்ல முடியாது, பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"வேணாம்க்கா. மாப்ள வீட்டுல என்ன நெனப்பாங்களோ. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நல்ல நாளும் அதுவுமா உனக்கு எதுக்கு அந்தப் பேச்சு? தாரை வாக்கறத நானும் எம்பொண்டாட்டியும் பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை வீட்டில் அதுவரை ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நானாகத்தான் முந்திக்கொண்டேன்.

"சரிடா, நீ சொன்னா சரி" என்று அக்கா மறுபடி பூண்டை எடுத்தாள். மகள் விடவில்லை. அவளைச் சமாதானப்படுத்த அந்த நிமிஷம் என் வாயில் வந்ததுதான் ஸ்கிரீன். "மேடையில பெரிய எல்இடி வைக்கறாங்கல்ல? அதுல உங்கம்மாவுக்குன்னே ஒரு ஜன்னல் போடறேன். லைவ்வா. தாலி கட்டுறப்ப அவுங்க மொகம் அதுல நிக்கும்."

"எல்இடி எம்முதுகுப் பக்கம்ல இருக்கும் மாமா? நான் எப்புடிப் பாக்கறது?"

"வீடியோல வரும்ல, அப்புறமா பாத்துக்க" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரொம்ப ரசித்துத்தான் செய்தேன், மறைப்பானேன். தாய் என்ற பெரிய ஜன்னல். அதற்குள் இடது பக்கம் 'பொண்ணு', வலது பக்கம் 'மாப்பிள்ளை', இருவரின் படங்கள். கீழ் மூலையில் சின்னதாக அக்காவின் ஜன்னல். தாலி கட்டும் நேரத்தில் நான் ஒரு பொத்தானை அமுக்கினால் பொண்ணு ஜன்னலும் மாப்பிள்ளை ஜன்னலும் அழிந்து, இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே ஜன்னல் பிறக்கும். என்ன கற்பனை! ஜன்னல்கள் ஒழுங்காக அழிகின்றனவா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அறிவிப்புப் பெட்டியும் வைத்தேன். 'இன்னது அழிக்கப்பட்டது, சரி' என்று வரும். அது எனக்கு மட்டும், லேப்டாப் திரையில் வருவதாக எண்ணம். வீட்டில் ஒரே திரைதானே, சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அறிவிப்புப் பெட்டி எப்போதும் தன் தாய் ஜன்னல் எங்கே இருக்கிறதோ அதன் மேல்தான் வந்து நிற்கும் என்பது ட்ரெயினிங்கில் சேர்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று ஞாபகத்துக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று காலை வேனில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் போகும்போதே மடியில் லேப்டாப்தான். தாய்மாமன் சீருக்கென்று என் மாமனார் அண்ணாகிராமத்திலிருந்து அனுப்பிய பலாப்பழத்தை என் மனைவி காலடியில் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். "சீர் தூக்க வந்த தாய்மாமனா, கரண்டு வேலைக்கு வந்த ஆளா நீங்க?" என்று கேட்டாள். மண்டபத்தில் எல்இடி சுவரில் தாய் ஜன்னல் பளிச்சென்று விரிந்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நாலாவது வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தேன். எதிரே கேமராவை நிறுத்தினேன். அரக்குப் பட்டுப் புடவையில் அக்காவின் முகம் சுவரின் மூலையில் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "மாமன்னா இப்புடி இருக்கணும்" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து, "சம்பந்திய மேல வரச் சொல்லுங்க, நேரமாவுதில்ல?" என்றார். எனக்கு ஒரு நொடி திக்கென்றது. இவ்வளவு சுலபமா இது? அப்போது சரி என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஜன்னல் போட்டாகிவிட்டது, கேமரா வைத்தாகிவிட்டது, நாலு பேர் பாராட்டியும் ஆகிவிட்டது. "அவுங்களுக்கு மேல வரப் பிடிக்கலைங்க. கீழேந்தே பாத்துக்கறேன்னுட்டாங்க" என்றேன். அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். கூசாமல் சொன்ன பொய். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

மேடையில் தாரை வார்த்து முடித்துவிட்டு நானும் மனைவியும் ஓரமாக நின்றோம். என் கையில் அட்சதை, அட்சதைக்குள் ஒரு சின்ன ரிமோட். ஆபீஸ் மீட்டிங்கில் படம் நகர்த்துவதற்கு வைத்திருப்பது. அதில் இரண்டே பொத்தான். மேலே இருப்பதை அமுக்கினால் அடுத்தது வரும், பெட்டி ஏதாவது வந்தால் அதற்குச் சம்மதம் சொல்லும். கீழே இருப்பதை அமுக்கினால் மொத்தத்தையும் மூடும். ஐயர் கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தார். நான் மேல் பொத்தானை அமுக்கினேன்.

அட்சதை போடத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் எங்கள் தலைக்கு மேலே பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர் நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி.

பொண்ணு அழிக்கப்பட்டது. சரி.

ஐயய்யோ! பதறிப்போய் மறுபடி அமுக்கினேன். அந்தப் பெட்டி போனது. அடுத்தது வந்தது.

மாப்பிள்ளை அழிக்கப்பட்டது. சரி.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. மேளக்காரர்கள் மட்டும் விவரம் தெரியாமல் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்இடி ஆளைத் தேடினேன். அவன் கீழே பந்தியில் இட்லியும் கொத்சுவும் சாப்பிடப் போயிருந்தான். மொத்தத்தையும் மூடித் தொலைத்துவிடலாம் என்று மேல் பொத்தானால் அந்தப் பெட்டியை நீக்கிவிட்டு, சேர்ந்த ஜன்னல் பிறப்பதற்குள் கீழ்ப் பொத்தானை அமுக்கினேன். மூடுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். கேட்டது. சுவர் அளவுக்குக் கொட்டை எழுத்தில் கேட்டது.

தாயை அழிக்கவா? பிள்ளைகளும் சேர்ந்து அழியும். ஆம். இல்லை.

மேளம் நின்றுவிட்டது. கீழ் மூலையில் அக்காவின் சின்ன ஜன்னல் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் அக்கா வாயைத் திறந்துகொண்டு அந்தக் கேள்வியைப் படிப்பது தெரிந்தது. அவளுக்கு நேராக அவள் முகமும் அந்தக் கேள்வியும்.

நாலாவது வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். "டேய்! இல்லைன்னு அமுக்குடா!"

ஐயரின் மைக் எனக்குப் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. "இதுல ஆமான்னு மட்டுந்தான் அமுக்க முடியும்க்கா" என்றேன். அது மண்டபம் முழுக்க, வாசல் ஸ்பீக்கரிலும் கேட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆம் என்று அமுக்கினால் எல்லாம் இருட்டாகி, கேள்வியும் போய்விடும். என் விரல் அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அமுக்கித்தான் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

மாப்பிள்ளையின் அம்மா மகனின் தோளில் கை வைத்து, "இருப்பா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அபசகுனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அக்கா மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. கண்ணில் அத்தனை கோபம்.

அதற்குள் அக்கா படியேறி வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மூச்சு வாங்க, "நான் இங்கதான குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எவன் என்னை அழிக்கறது?" என்றாள். அப்புறம்தான் மேடையில் நிற்கிறோம் என்று உறைத்ததோ என்னவோ, ஒரு அடி பின்னால் போனாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போறீங்க? காலையிலேந்து உங்களத்தான் தேடுறோம். மேல வரப் பிடிக்கலன்னு சொன்னீங்களாமே? எங்க மேல எதாச்சும் வருத்தமா?"

"எனக்கா? பிடிக்கலன்னா?" என்று அக்கா கேட்டாள். "யாரு சொன்னது?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அக்காவும் திரும்பிப் பார்த்தாள். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த பரிவட்டம் கனத்தது. ஊர் சிரித்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைச் சுவரில் போட்டது மெஷின் செய்த கூத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னது மெஷின் இல்லையே, நான்தானே. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. ரிமோட்டைப் பிடித்த கையில் அட்சதை வியர்வையில் ஒட்டி மஞ்சளாகிக் கிடந்தது.

ஐயர் வாட்சைப் பார்த்தார். அக்கா என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"நீ கட்டுப்பா. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகள் ஒரு கையால் அம்மாவின் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மேளம் மறுபடி எழுந்தது. தாலி கட்டி முடிகிற வரைக்கும், அட்சதை விழுந்து முடிகிற வரைக்கும், எங்கள் தலைக்கு மேலே 'தாயை அழிக்கவா?' அசையாமல் நின்றது. மூலையில் அக்காவின் ஜன்னலில் ஒரு காலி நாற்காலி. அதன்மேல் அவள் விட்டுவிட்டு வந்த கைக்குட்டை.

வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றியது. மங்கலம்பேட்டையில் இருக்கும் பங்காளி ஒருவன் போன் எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல், "என்னா, அழிச்சாச்சா?" என்று கேட்டான். இப்போது விசேஷ வீடுகளில் எனக்கு 'ஆம் இல்லை மாமா' என்றுதான் பெயர். மானம் கப்பலேறியதில் எனக்குப் புகார் இல்லை. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் தாங்கவில்லை. மறுநாளே வழக்கம்போல் குழம்பு கொடுத்து அனுப்பினாள். கிண்ணத்தை வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "ரெண்டு வசவு வாங்கிட்டு வாங்க, செரிக்கும்" என்றாள் மனைவி. போகத் தைரியம் வரவில்லை.

ஆடிச் சீர் கொடுக்க நானும் மனைவியும் அக்காவும் சிதம்பரத்தில் அக்கா மகள் வீட்டுக்குப் போனோம். கூடத்துக்குள் நுழைந்ததுமே எதிர்ச் சுவரில் அந்தப் படம். எத்தனையோ படம் எடுத்தார்கள், பிரேம் போட்டு மாட்ட அவளுக்கு இதுதான் கிடைத்ததா? தாலி கட்டுகிற மாப்பிள்ளை, குனிந்திருக்கும் பெண், அவள் கையில் கொசுவத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கும் அக்கா, மேலே கொட்டை எழுத்தில் என் கேள்வி. ஓரத்தில் நான் பாதி தெரிந்தேன். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார இடம் தேடினேன். மாப்பிள்ளையின் அம்மா, "இங்க உக்காருங்க, காத்து வரும்" என்று படத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காபி வந்தது. அக்கா முறுக்கை உடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தாள்.

"அந்தத் தாயின்னு போட்டிருக்குதே, அது நானாடா?"

"இல்லக்கா. உன்னை நெனச்சு வெக்கல. அது பெரிய ஜன்னலோட பேரு."

"அது என்னா பண்ணும்?"

"தனியா ஒண்ணும் பண்ணாதுக்கா. சும்மா நிக்கும். ஆனா அது நின்னாதான் மத்ததெல்லாம் வரும். மொதல்ல அதத்தான் உண்டாக்கணும். பொண்ணு, மாப்ள, எல்லாமே அதுக்குள்ளதான் வரும்."

"அத எடுத்துட்டா?"

"எல்லாம் போயிடும்."

அக்கா முறுக்கை மென்று விழுங்கினாள். "இது உனக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"வேலைக்குச் சேந்த அன்னிலேந்து தெரியும்க்கா. மொதல் பாடமே இதான்."

"அப்புறம் ஏண்டா என்னை நாலாவது வரிசையில உக்கார வெச்ச?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். என் மனைவியும் அக்கா மகளும் அந்த அம்மாவும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். அதிலும் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.